சிவப்பு விழும்வரை

பல் துலக்கியதும் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் ஹில்டாவும் செய்தாள். கண்ணழுத்தம் அளக்கும் விழிமானிக் கண்ணாடியின் முன் இமைக்காமல் நின்றாள். கண்ணில் மெல்லிய காற்று பட்டது. அழுத்தம் இயல்பு. பச்சை விளக்கு.

“ச்சே!” என்று கண்ணாடியின் சட்டத்தில் குத்தினாள்.

அடுப்படியிலிருந்து கணவன் சீலன் சிரித்தான். “ஊரே பச்சை வந்தா சந்தோஷப்படுது. உனக்கு என்னட்டி?”

“அப்ப நேத்து இடப்பக்கம் நின்ன பைக்கு ஏன் தெரியல?”

“வேடிக்கை பாத்துட்டே நடந்திருப்ப.”

இடப்பக்கம் இருட்டாக இருந்தாலாவது சொல்லலாம். அங்கே எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. இல்லாததை யாருக்கு எப்படிக் காட்டுவது?

கண் மருத்துவரின் கதவு சிவப்பு விழுந்தவர்களுக்கு மட்டுமே திறக்கும். நலமானவர்கள் வரிசையை அடைக்கக் கூடாது என்று வந்த ஏற்பாடு அது. உதவி எண்ணில் பேசிய பெண்ணிடம் ஹில்டா மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

“மூக்குக்கண்ணாடியே வேண்டாம்னு பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் லேசர் வச்சு ஒளிச்சீர் செஞ்சாங்கல்ல? எனக்கு ரெண்டு தடவை கருவிழியைச் சீவினாங்கம்மா. என் கருவிழிப் படலம் ரொம்ப மெலிசு, காத்து பட்டதும் குழிஞ்சிரும். உள்ள அழுத்தம் கூடியிருந்தாலும் மெஷின் கம்மினுதான் காட்டும்.”

“எல்லாருக்கும் ஒரே தடிமன்னு வச்சுதான் மேடம் கணக்கு. பச்சைதானே? நல்லாயிருங்க.” இணைப்பு அறுந்தது.

மறுநாள் தையல் மேசைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கில், சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்றாள். அப்படி நின்றால் கண்ணழுத்தம் ஏறும் என்று கேள்விப்பட்டிருந்தாள். மேசை முனை இடுப்பில் இடித்தது.

“அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு வாங்க.”

“உனக்குப் பைத்தியமா?”

“வாங்கன்னா!”

சீலன் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். காற்று பட்டது. சிவப்பு. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவு திறந்தது. மருத்துவர் படலத்தின் தடிமனை அளந்தார். பார்வை நரம்பை வெகுநேரம் பார்த்தார். “போன பார்வை வராதும்மா. சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா இனிமே தலைகீழா நிக்காதீங்க. கண்ணுக்குக் கெடுதல்.”

“நேரா நின்னு ஒரு வருஷமாச் சொன்னேன் டாக்டர்.”

அவர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். “அடுத்த மாசம் கட்டாயம் பாக்கணும்.”

“மருந்து போட்டா இன்னும் பச்சையாத்தானே வரும்? கதவு எப்படித் திறக்கும்?”

மருத்துவர் திரையைப் பார்த்தார். தடிமனைப் பதிய அதில் இடமே இல்லை. “கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்” என்றார், அதே உதவி எண்ணில் காத்திருந்து அலுத்த குரலில்.

வீட்டுக்கு வந்ததும் ஹில்டா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தலைகீழாக நின்ற இடுக்கு அகலமாகட்டும் என்று தையல் மேசையைப் பிடித்துக் கதவைவிட்டுத் தள்ளி இழுத்தாள். அது அசையவில்லை. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தாள். திடீரென்று மேசை இலேசானது. முகத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தபோதுதான், மறுமுனையைச் சீலன் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.