மாயவன் அறுத்த லைன்

மாமல்லபுரத்துக் கரையில் மீன் விற்கும் ஆதியம்மாள், செங்கல்பட்டில் வக்கீல் பர்வதத்தின் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். படகுக்கார வரதனின் தூண்டில் கயிற்றை யாரோ துண்டு துண்டாக அறுத்துவிட்டார்கள். பழி அவள் மகன் மாயவன் தலையில். மாலையில் ஊர் கூடுகிறது. குற்றம் உறுதியானால் அவன் இனி கடலில் இறங்கக் கூடாது.

"எஸ்டிடி பூத்துல 'லைன கட் பண்ணிட்டேன்'னு இவன் பேசினத மனை புரோக்கர் கிஷோர் கேட்டானாம். இன்னா லைனுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்மா."

குப்பத்தில் அந்தத் தூண்டில் கயிற்றுக்கும் லைன் என்றுதான் பேர்.

பர்வதத்தின் கணவர் வெங்கடராகவன் ஆங்கில வாத்தியார். துப்பறிவதில் மனைவியைவிட அவருக்குத்தான் அவசரம். பஸ்ஸில் வழியெல்லாம் விரல் மடக்கினார். டெலிபோன் லைன், கரண்ட் லைன், ரேஷன் கடை லைன், கடலைப் பார்த்த முதல் லைன் மனை, பையன்கள் பெண்களுக்குப் போடும் லைன்.

"அர்த்தத்தைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது, பர்வதம்."

"ஏன்னா, அவன் எதைச் சொன்னா நமக்கென்ன? அறுத்தது யாருன்னு பாப்போம்."

கடலை ஒட்டிய சொந்த மனையில் வரதன் போட்டிருந்த கொட்டகையில், அறுபட்ட கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு வலை கிடந்தது. அதன்மேல் சேற்றுச் செருப்புத் தடம் காய்ந்திருந்தது. பர்வதம் வேறொரு வலையை ஊர் கூடும் பந்தலின் வாசலில் போடச் சொன்னாள்.

மாலையில் ஊரார் வலையை மிதிக்காமல் ஒதுங்கி நுழைந்தார்கள். வெங்கடராகவன் மிதிக்கப் போக, பர்வதம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடைசியாக வந்த கிஷோர் செருப்புக் காலோடு அதன்மேல் நடந்துவந்து உட்கார்ந்தான். கூட்டம் முகம் சுளித்தது.

"வலையைக் கும்பிடற வீட்டுப் பையன் இருட்டுலகூட அதைச் செருப்பால மிதிக்க மாட்டான்," என்றாள் பர்வதம். "கொட்டகையில மிதிச்சவன் வெளியாள். கிஷோர், செருப்பைக் கழட்டுங்கோ, தடத்தோட ஒப்பிட்டுடலாம். தொழில் முடங்கினா வரதன் கடலோர மனையை வித்துடுவார், அதானே திட்டம்?"

கொட்டகை வலையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள்; தடம் அச்சாகப் பொருந்தியது. பூத்தில் காதில் விழுந்த பேச்சு பழி போட வாகாக இருந்தது என்று கிஷோர் ஒப்புக்கொண்டான். ஆதியம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாயவன் சொன்னது எந்த லைன் என்று கேட்க வெங்கடராகவனுக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் வரதனின் மகள் அனு எழுந்து நின்றாள்.

"என்னாண்டதான் பேசினாரு, நைனா. உனுக்குப் பயந்து, நம்ம லைன கட் பண்ணிட்டேன், இனிமே வேணாம்னு சொன்னாரு."

வரதன் மாயவன் பக்கம் திரும்பினார்.

"எம்பொண்ணு பேரு வெளிய வரக்கூடாதுன்னு கடலையே வுட இருந்தியா?" அவன் தோளில் கை வைத்தார். "நாளைக்கு உங்கம்மாவ இட்டுகினு வூட்டுக்கு வா."