காப்புக் கட்டிய எஞ்சின்

நின்றுவிடாதே. எனக்காக இல்லை, அம்மாவுக்காக. இன்னும் கொஞ்ச நாள் ஓடிக்கொண்டே இரு.

படகில் ஏறி உட்கார்ந்ததும் அஜந்தா மனதுக்குள் இதைத்தான் சொல்வாள். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுடைய உதடுகள் இலேசாக அசையும். அதைப் படகில் உதவிக்கு நிற்கும் டினேஷ் அண்ணா கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன அஜந்தா, எஞ்சினோட இரகசியம் கதைக்கிறீரோ? அது என்னவாம்?" என்று பகிடி பண்ணுவார்.

அஜந்தா சிரித்துவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் பெரிய மரப்படகு அது. படகை ஓட்டுபவர் அவளுடைய அப்பா நிமலன். படகின் சொந்தக்காரர் மயில்வாகனம் ஐயா. தீவில் யாருக்காவது கடுமையான வருத்தம் வந்தால், கட்டிலோடு தூக்கி ஏற்றுவதும் இந்தப் படகில்தான்.

எஞ்சின் படகின் நடுவில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. ஒரு பெரிய லொறியின் எஞ்சின் அளவு. பெட்டியைத் தொட்டால் உள்ளங்கை அதிரும்.

முன்பு அஜந்தாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நெருப்புக்குச்சி இல்லாமல், தீப்பொறி இல்லாமல், உள்ளே டீசல் எப்படி எரிகிறது?

விடை அவளுக்குச் சைக்கிள் பம்பில் கிடைத்தது. பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு வேகமாக அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். பம்பின் அடி சுட்டது. காற்றை நெருக்கினால் காற்று சூடாகும்! எஞ்சினுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை மிகமிக நெருக்கும். காற்று நெருப்பாகக் கொதிக்கும். அந்த நேரத்தில் டீசலைப் பனிபோலத் தூவினால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். பற்றிய வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். பிஸ்டன் தண்டைச் சுழற்றும், தண்டு படகுக்கு அடியில் தண்ணீருக்குள் இருக்கும் காற்றாடியைச் சுழற்றும்.

இவ்வளவு வேகமாகச் சுழலும் இரும்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் இருப்பதற்கு ஒரே காரணம் எஞ்சின் ஒயில். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் அது ஒரு மெல்லிய தோல்போல நிற்கும். பழசானால் கறுத்து, கரி சேர்ந்து, அந்தத் தோல் கிழிந்துபோகும்.

கிழிந்தால் என்ன நடக்கும் என்பதும் அஜந்தாவுக்குத் தெரியும்.

அவளுடைய சட்டைப்பையில் ஓர் உலோகத் துண்டு எப்போதும் இருக்கும். பாதியாக வெட்டிய காப்புப்போல வளைந்தது. எஞ்சினுக்குள் தண்டு சுழலும் இடத்தில் அதைத் தாங்குகிற பெயாரிங் அது. கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கவேண்டிய அதன் உட்பக்கம் பூனை பிறாண்டியதுபோலக் கீறுப்பட்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னர், சோளகக் காற்று கடலைக் கொந்தளிக்க வைத்த ஒரு நாளில், அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. இதே படகில்தான் ஏற்றினார்கள். பாதிக் கடலில் எஞ்சின் ஒரு சத்தம் போட்டது. பிறகு நின்றுவிட்டது.

அதன்பின் அலைச் சத்தமும் அம்மாவின் முனகலும் மட்டும்தான் கேட்டன. இன்னொரு படகு வந்து கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெகுநேரமாகிவிட்டது.

அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கையில் பிள்ளை இருக்கவில்லை. தம்பி என்று மட்டும் தெரியும். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.

வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. எஞ்சினைத் திறந்து பழுது பார்த்த இடத்தில் பழைய துண்டுகளை ஒரு வாளியில் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றை அஜந்தா எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அது அவளிடம் இருப்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இப்போது அம்மாவின் வயிற்றில் மறுபடியும் ஒரு பிள்ளை. முன்கூட்டியே யாழ்ப்பாணம் வந்து தங்கச் சொல்லியிருந்தார் டொக்டர். வருகிற வெள்ளிக்கிழமை அம்மா போகவேண்டும். இதே கடலால். இதே படகில்.

அன்று சனிக்கிழமை. அப்பாவோடு ஊர்காவற்றுறைக்குப் போய்வந்த அஜந்தா எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துணியில் துடைத்தார். துணியில் தார்போல ஒரு கோடு விழுந்தது. அஜந்தா அதை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றிருந்தது.

எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் சின்ன வட்டத்தை அப்பா குனிந்து பார்த்தார். இருநூற்றைம்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றவேண்டும். அந்தத் தவணை தாண்டிவிட்டது.

"புது ஒயிலும் பில்டரும் வாங்கி வைச்சிருக்கிறியள்தானே, அப்பா?"

"ஓம் பிள்ளை. ஐயாவைக் கேக்கவேணும்."

இறங்குதுறையில் சனம் கூடிவிட்டது. நயினாதீவு அம்மன் திருவிழாக் காலம்; அடியவர்களை அங்கே கொண்டுபோவதும் இதே படகுதான். பெண்கள் அர்ச்சனைத் தட்டுகளோடு நின்றார்கள். கொடியேறிய அன்றே படகுக்கும் வாழை கட்டி, தோரணம் போட்டிருந்தார்கள். மயில்வாகனம் ஐயா தன் கையாலேயே எஞ்சினின் மேற்பக்கத்தில் ஒரு மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டிவிட்டிருந்தார். அடியவர்களை ஏற்றும் காலம் முழுக்க எஞ்சினுக்கும் காப்பு. ஒவ்வொரு வருடமும் அது அவருடைய வழக்கம்.

அப்பா அவரிடம் போய் மெதுவாகச் சொன்னார். "ஐயா, ஒயில் மாத்திற தவணை தாண்டிட்டுது. ஒரு மணித்தியாலம் படகை நிப்பாட்டினால்..."

"இப்பவோ? இவ்வளவு சனத்தையும் வைச்சுக்கொண்டோ? நீர் என்ன கதை கதைக்கிறீர் நிமலன்!"

"எஞ்சின் சூட்டோட இருக்கேக்கை மாத்தினால்தான் பழைய ஒயில் வடிவா வடியும், ஐயா."

"எஞ்சின் நல்லாத்தானே ஓடுது? சத்தம் ஏதும் கேக்குதோ? புகை ஏதும் தள்ளுதோ?"

"இன்னும் இல்லை."

"பேந்தென்ன? காப்புக் கட்டின எஞ்சினைத் திருவிழா முடியுமுன்னம் திறக்கக் கூடாது. தீர்த்தம் முடியட்டும், மாத்துவம்."

அப்பா தோளில் கிடந்த துணியை எடுத்து, துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். அப்பா நல்லவர். அவருடைய வாயில் 'ஏலாது' என்ற சொல் மட்டும் வராது.

அஜந்தா சட்டைப்பைக்குள் கையை விட்டாள். கீறுகள் விரலில் தட்டின.

தீர்த்தம் முடிவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் பெரியவர்களின் கதைக்குள் போவதா? ஐயா கோபித்தால் அப்பாவின் வேலை என்னவாகும்?

ஐயா படகில் ஏறுவதற்காகக் கைபிடிக் கம்பியைப் பிடித்தார். அவருடைய மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் நூல். அவரும் விரதம்.

"ஐயா," என்றாள் அஜந்தா. "கோவிக்காதேங்கோ. ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் பிள்ளை."

"நீங்களும் காப்புக் கட்டியிருக்கிறியள்தானே? காப்புக் கட்டினால் தோயக் கூடாதோ, முழுகக் கூடாதோ?"

ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல கேள்வி! காப்புக் கட்டினால்தான் ஒவ்வொரு நாளும் தோய வேணும். விடியவே கிணத்தடியிலை தோய்ஞ்சிட்டுத்தான் வந்தனான். ஊத்தையோட அம்மாளிட்டைப் போகலாமோ?"

"எஞ்சினுக்கும் காப்புக் கட்டியிருக்கு. ஆனால் அது ஊத்தை ஒயிலோடதானே அம்மாளிட்டைப் போகுது?"

அர்ச்சனைத் தட்டோடு நின்ற அன்னப்பிள்ளை மாமி கலகலவென்று சிரித்தார். மாமியின் வாய்க்கு ஊரே கொஞ்சம் பயம்.

"பிள்ளை கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோவன், மயில்வாகனம் அண்ணை! உங்களுக்கு மட்டும் தோய்ச்சல், அது பாவம் கொடியேறின நாள் துவக்கம் முழுகாமல் நிக்குது!"

சனம் சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினையும் தன் மணிக்கட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காப்பை அறுக்கத் தேவையில்லை, ஐயா," என்றாள் அஜந்தா. "காப்பு மேலே இருக்கு. ஒயில் கீழாலை வடியும்."

"அது சரி. ஆனால் ஓடுற எஞ்சினை ஏன் பிள்ளை..."

அவர் முடிக்கவில்லை. அஜந்தா அந்தத் துண்டை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஐயா அதைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் தடவினார். விரல் ஒவ்வொரு கீறிலும் தடுக்கித் தடுக்கிப் போனது. பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அண்டைக்கும் எஞ்சின் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது, என்ன நிமலன்?" என்றார் ஐயா மிக மெதுவாக.

"ஓம், ஐயா. நிக்குமட்டும் நல்லாத்தான் ஓடினது."

ஐயா துண்டை அஜந்தாவின் கையில் திருப்பி வைத்து, அவளுடைய விரல்களை மூடிவிட்டார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. எஞ்சின் முழுகப் போகுது!"

டினேஷ் அண்ணா பெரிய பேசின் பாத்திரத்தைக் கொண்டுவந்து எஞ்சினின் அடியில் வைத்தார். அப்பா அடியில் இருந்த மரையாணியைக் கழற்றினார். பழைய ஒயில் ஆவி பறக்க, கன்னங்கரேலென்று வடிந்தது.

அஜந்தா காத்திருந்தவர்களை வேப்பமர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போத்தலில் இருந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். திரும்பி வந்து புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஒயில் பூசினாள். அப்படிப் பூசினால்தான் அது இறுக்கமாக இருக்கும், பிறகு கழற்றவும் சுகம். அப்பா புதிய ஒயிலை ஊற்றினார். அது தேன் நிறத்தில் மினுங்கிக்கொண்டு இறங்கியது.

எஞ்சினைக் கிளப்ப அப்பா திறப்பைத் திருகினார். எஞ்சின் ஒருமுறை இருமியது. பின்பக்கக் குழாயிலிருந்து ஒரு புகை உருண்டை குபுக்கென்று கிளம்பியது.

"அந்தா! முழுகினதுக்குச் சாம்பிராணியும் காட்டியாச்சு!" என்றார் அன்னப்பிள்ளை மாமி. இந்த முறை ஐயாவும் சேர்ந்து சிரித்தார்.

மஞ்சள் நூல் கட்டிய இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோதே காற்றுக் கடுமையாக இருந்தது. அம்மா எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில், தலையணையில் சாய்ந்து இருந்தார். அஜந்தா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். படகு ஏறி இறங்கியது. தண்ணீர் பக்கப் பலகையில் மோதித் தெறித்தது.

பாதிக் கடலில் ஒரு கம்பம் நிற்கும். அதன்மேல் நீர்க்காகங்கள் இருக்கும். அந்த இடத்தில்தான் அன்று எஞ்சின் நின்றது. கம்பம் தூரத்தில் தெரிந்ததும் அம்மாவின் விரல்கள் இறுகின.

அஜந்தா மற்றக் கையை மரப்பெட்டியின் மேல் வைத்தாள். உள்ளே அதே அதிர்வு. ஒரே சீராக, ஒரே தாளத்தில். இன்றைக்கு அவள் மனதுக்குள் எதையும் கேட்கவில்லை. அது ஓடும் சத்தத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பம் நெருங்கி வந்தது. பக்கத்தில் நின்றது. பின்னால் போனது. ஒரு நீர்க்காகம் மட்டும் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தது.

அம்மா நீண்ட மூச்சு விட்டார். பிறகு குனிந்து, அஜந்தாவின் காதோடு சொன்னார்.

"அது வைச்சிருக்கிறீரோ?"

"ஓம், அம்மா."

"இஞ்சை போட்டிடும் பிள்ளை. கடலோட போகட்டும். இனி ஏன் அது எங்களுக்கு?"

அஜந்தா துண்டை வெளியே எடுத்தாள். உடம்பின் சூட்டில் அது இளஞ்சூடாக இருந்தது. கடலைப் பார்த்தாள். பெயர் இல்லாத தம்பியை ஒரு கணம் நினைத்தாள். பிறகு அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"இல்லை, அம்மா, இருக்கட்டும். அடுத்த தரம் ஒயில் மாத்தேக்கையும் இது வேணும்," என்று சொல்லி, அதைத் திரும்பவும் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினாள்.