யாரும் இல்லீங்க

பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அவள் தனியாகத்தான் வந்தாள். சனிக்கிழமை மதியம், வேலையாட்கள் சாப்பிடப் போகும் நேரம். சுவர்கள் பூச்சில்லாமல் செங்கல் தெரிய நின்றன. ஜன்னல் வர வேண்டிய இடங்களில் வெறும் ஓட்டைகள். ஈரச் சிமெண்ட்டும் மரத்தூளும் கலந்த வாசனை மூக்கை அடைத்தது.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள். யாரோ கட்டிக்கொண்டிருப்பதை வாங்கிவிட்டால் பாதித் தலைவலி மிச்சம் என்பது அவள் கணவரின் கட்சி. அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எந்தக் காரியத்திலும் ஒரு காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கிற மனுஷன், இந்த வீட்டுக்கு மட்டும் காலை எடுத்துவிட்டார்.

அவள் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் பதினேழு வருஷமாக ரிசப்ஷனில் இருக்கிறாள். ஃபோன் அடிக்கும். "டாக்டர் இருக்காரா?" என்பார்கள். கேட்டவர் வாயை மூடுவதற்குள் "இல்லீங்க" போய்விடும். உன் நாக்குக்குத் தனியாகச் சம்பளம் போட வேண்டும் என்று டாக்டரே கிண்டல் செய்வார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. வாசல் முன்னால் தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் வாய் திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் நின்று அவள் கிளினிக்கோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார்.

"கீழ தொட்டிக்குள்ள ஆள் இருக்கா?"

"யாரும் இல்லீங்க," என்றாள்.

குனிந்து பார்க்கவில்லை. ஃபோனைக்கூடக் காதிலிருந்து எடுக்கவில்லை. பேசிக்கொண்டே சமையலறை ஜன்னலைப் பார்க்கப் பின்பக்கம் போனவள், அந்த வழியாகவே தெருவில் இறங்கி பஸ் ஏறிவிட்டாள். வானம் கறுத்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாதென்று கொத்தனார் இறங்கி வந்து, இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு, சிமெண்ட் மூடியை இழுத்துப் போட்டார். வேலை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள்.

திங்கட்கிழமை மூடியைத் திறந்தபோது உள்ளே ஒருவன் கிடந்தான். தொட்டிக் கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைக் கழற்ற இறங்கியவன். தனி ஆள். ஊருக்குப் போயிருப்பான் என்று யாரும் தேடவில்லை.

காற்று போகாத தொட்டி, இறங்கின உடனேயே மயங்கிச் செத்திருப்பான் என்றார்கள். கொத்தனாரைப் போலீஸ் கொண்டுபோனது. அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்: "நான் கேட்டேங்க. யாரும் இல்லைன்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லுச்சு."

அன்றைக்கு அங்கே எந்தப் பெண்ணையும் யாரும் பார்க்கவில்லை. ஆக, வீட்டில் பேய் இருக்கிறது என்று முடிவாயிற்று. இரண்டு தச்சர்கள் பயந்து கருவிப் பையோடு போனவர்கள் வேலைக்குத் திரும்பவே இல்லை.

ஊரே பேய் என்று சொன்ன குரல் யாருடையது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கணவரிடம் சொன்னாள்.

"இறங்கினதுமே போயிட்டான்னு ரிப்போர்ட்லயே இருக்கு. நீ சொன்னதால அவன் சாகல."

"அந்தக் கொத்தனார் உள்ள இருக்காரேங்க."

"வந்துருவார். நீ வாயத் திறந்து புதுசா வம்ப விலைக்கு வாங்காத."

அவன் ஏற்கெனவே செத்திருந்தான். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஆறு மாதம் சாப்பிட்டாள், தூங்கினாள், கடைசியில் அந்த வீட்டுக்குக் குடியும் வந்தாள்.

வந்த நாலாம் நாள் முற்பகல், வீட்டில் தனியாக இருந்தபோது சத்தம் கேட்டது.

டொக். டொக்.

வாசல் பக்கம், தரைக்குக் கீழே. பிறகு பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்கும் கிறீச்சென்ற சத்தம். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று பிளம்பரைக் கூப்பிட்டாள். அவர் கூட வந்த பையனோடு சேர்ந்து மூடியை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தண்ணி தளும்பத் தளும்ப நிக்குது மேடம். உள்ள பலகை ஏது, ஆணி ஏது?"

அவர் போனதும் மறுபடியும் தொடங்கியது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மூடியின் மேல் நின்றாள். ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் அதிர்ந்தது. அந்த அதிர்வு அவளுக்குப் புதிதல்ல. அன்றைக்கு ஃபோனில் பேசிக்கொண்டு நின்றபோதும் காலுக்கடியில் இதே அதிர்வு இருந்தது. பக்கத்து மனையில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்தாள்.

அப்படியானால் அவன் உயிரோடுதான் இருந்திருக்கிறான்.

சுத்தியலை அடித்துக்கொண்டு, அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கேட் தட்டப்பட்டது. கொத்தனாரின் மனைவி. வெயிலில் நடந்து வந்த முகம். தண்ணீர் கேட்டாள். அவள் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாருக்கா," என்றாள் வந்தவள். "வீடு வாங்கினவங்க அப்பப்ப வந்து பாப்பாங்கன்னு வக்கீல் சொன்னாரு. அன்னிக்கு குரல் குடுத்தது நீங்களா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிருங்க. வெளிய எடுத்துரலாம்."

அவள் இரவெல்லாம் தூங்காமல் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஆமாம்மா, நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லிவிட்டால் இந்த ஜன்மத்துக்கு நிம்மதி.

"அன்னிக்கு நீங்க இங்க வந்தீங்களாக்கா?"

"இல்லீங்க."

நாக்கு முந்திக்கொண்டது. திருத்திச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

காலருகே, தொட்டி மூடிக்கு அடியிலிருந்து, ஓர் ஆண் குரல் பொறுமையாகச் சொன்னது.

"வந்தாங்க."

வந்தவளுக்கு அது கேட்கவில்லை. மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு டம்ளரைப் படியில் வைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள். தெருமுனை வரை அவள் முதுகு தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள்.

முனையில் திரும்பி மறைந்தாள்.

கீழே சுத்தியல் நின்றது. அதைத் தரையில் வைக்கும் சத்தம், ஈரக் கால்கள் ஏணியைத் தேடும் சத்தம். அங்கே ஏணி கிடையாது.

"வேலை முடிஞ்சுதுக்கா," என்றது குரல். "மேல ஏறணும். கை குடுங்க."

அந்த மூடியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது ஒரு விரற்கடை உயர்ந்தது. அப்படியே காத்துக்கொண்டு நின்றது.