வடிவும் ஆட்டுத் தாடையும்

“மன்னிப்புக் கேட்டால்தான் வகுப்புக்குள் வரலாம்” என்றார் லோகாம்பாள் டீச்சர்.

“கேக்க மாட்டேன் டீச்சர். நான் பழிப்புக் காட்டல” என்றாள் ஐந்தாம் வகுப்பு வடிவு.

நடந்தது இதுதான். பாடம் வாசிக்கும்போது, வாயை மூடுகிற ஒவ்வொரு தடவையும் வடிவின் தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. காதோரம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வேறு. வகுப்பே சிரித்தது. தன்னைத்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்த டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் அம்மா பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். “ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள போயேன்மா. வாய் வலிக்குமா?”

“வாய் ஏற்கெனவே வலிக்குதும்மா. செய்யாத தப்புக்கு நான் எதுக்குக் கேக்கணும்?”

நீங்களே சொல்லுங்கள், யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

அன்று மாலை வேகவதி ஆற்று மணலில் கல்லை உதைத்தபடி நடந்தாள் வடிவு. வெயிலில் வெளுத்த ஆட்டு மண்டையோடு ஒன்று அங்கே கிடந்தது. பக்கத்திலேயே அதன் கீழ்த்தாடை. பயப்படுகிற பெண்ணா அவள்? இரண்டையும் பாவாடையில் துடைத்துப் பொருத்திப் பார்த்தாள். தாடையின் இரு நுனியிலும் இருந்த குமிழ்கள், காது ஓட்டைக்கு முன்னால் இருந்த பள்ளங்களில் அழகாக உட்கார்ந்தன.

தன் காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தாள். அங்கேயும் ஏதோ நகர்ந்தது. ‘டக்!’

அவளுக்குக் கடவாய்ப் பல் ஒன்று கோணலாக முளைத்திருந்தது. ஆட்டின் பற்களுக்கு நடுவே ஒரு பொடிக்கல்லை வைத்துத் தாடையை மூடினாள். பல் கல்லில் முட்டியது. தாடை நழுவியது. ஒரு குமிழ் பள்ளத்தை விட்டு விலகியது.

வடிவு மணலில் குதித்தாள்.

மறுநாள் வகுப்பு வாசலில் நின்றபடியே மண்டையோட்டையும் தாடையையும் நீட்டினாள். முன் பெஞ்சு சிட்டிபாபு அலறிவிட்டான்.

“நல்லாக் கழுவிட்டுதான் எடுத்தாந்தேன் டீச்சர்” என்றவள், கல்லை வைத்து மூடிக் காட்டினாள். “என் கோணப் பல்லு இந்தக் கல்லு மாதிரி. அதுதான் முதல்ல முட்டுது. மத்த பல்லுங்க சேரணும்னா தாடை நகர்ந்துதான் ஆவணும். அப்போ இந்த மூட்டு ‘டக்’குங்குது. நீங்களும் காதுக்கு முன்னாடி விரல் வச்சி, வாயைத் திறந்து பாருங்க டீச்சர்.”

வகுப்பு முழுவதும் விரல் வைத்து வாயைப் பிளந்தது. அந்த வழியாகப் போன தலைமையாசிரியர் நின்று பார்த்தார். எதுவும் கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

டீச்சரும் மெல்ல வாயைத் திறந்தார். ‘டக்!’ முன் பெஞ்சு வரை கேட்டது. டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, உள்ளே வாம்மா. உன்னைப் பல் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி அம்மாகிட்ட நானே பேசுறேன்.”

வடிவு வாசலைத் தாண்டவில்லை. “பழிப்புக் காட்டினேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே டீச்சர்?”

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் கேக்கறேன், என்னை மன்னிச்சிடு வடிவு.”

“பரவாயில்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு வகுப்புக்குள் நடந்தாள் வடிவு.