கோட்டை வாசலில் லேனா

லேனாவின் தலைமுடியில் ஈரச் சுண்ணாம்புக்கல் வாடை அடித்தது. மூன்று நாளாகக் காய்ச்சலில் படுக்கையை விட்டு இறங்காத எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாடை எங்கிருந்து வந்தது என்று தாய் வால்புர்காவுக்கு விளங்கவில்லை.

ரைன் ஆற்றைப் பார்த்த அந்த வீட்டின் கீழ்த்தளம் கல்லச்சுப் பட்டறை. கணவன் போனபின் வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் படம் வரைவது அவள். அதிலிருந்து தாளில் அச்சிழுப்பது கொழுந்தன் அன்செல்ம். இந்த முறை வரைந்தது மலைமேல் இடிந்த கோட்டை. வெறும் இடிபாட்டை எவன் வாங்குவான், உயரம் தெரிய ஓர் ஆளையாவது நிறுத்து என்று பதிப்பாளர் நச்சரித்ததால், கோட்டை வாசலில் விரல்நகம் அளவுக்கு மகளையே வரைந்து நிறுத்தியிருந்தாள். அன்று மாலைதான் லேனாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சன்னலில் நல்ல வெயில். கீழே அச்சுப்பொறியின் சக்கரம் முனகிக்கொண்டு சுற்ற, கல்லின்மேல் பலகை அழுந்தி இழுபடும் பழகிய ஓசை சுவர் வழியே கட்டில் காலுக்கு ஏறியது. அதே நொடியில் லேனாவின் மூச்சு நின்றது. கல்லிலிருந்து தாளை உரிக்கும் சத்தம் கேட்டபின்தான் மூச்சு திரும்பியது.

கட்டிலருகே இருந்த வால்புர்கா தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுபடி சக்கரம். மறுபடி மூச்சு நின்றது. உதடு நீலம் பாரித்தது.

"அம்மா, என் மேல யாரோ ஏறி உக்கார்றாங்க. இங்க ரொம்பக் குளுருதும்மா."

"எங்கடி கண்ணு?"

"கோட்டை வாசல்ல."

வால்புர்கா எழுந்து ஓடினாள். தடதடவென்று கீழே இறங்கிப் பொறியை நிறுத்தச் சொன்னாள். இன்னும் அறுபது தாள் பாக்கி, மூன்று நாள் கண்விழித்தால் இப்படித்தான் ஏதேதோ தோன்றும் என்றான் அன்செல்ம்.

"அண்ணி, நீங்க போய்க் கொஞ்ச நேரம் படுங்க. நான் பாத்துக்கறேன்."

அவன் கை சக்கரத்துக்குப் போனது. அவனைத் தள்ளிவிட்டுச் சுரண்டுகத்தியை எடுத்தாள். பெத்த மனம் பித்து அல்லவா. பிள்ளையை அந்த வாசலிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கல்லிலிருந்த மகளின் உருவத்தைச் சுரண்டினாள். முதலில் பாவாடை. பிறகு கை. பிறகு முகம். வெள்ளைக் கல் தெரியும்வரை.

மேலே சத்தமே இல்லை.

ஏறினாள். லேனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டியபடி. மூச்சு சீராக ஓடியது. பிழைத்துவிட்டாள். வால்புர்கா அழுதுகொண்டே ஓடிப்போய் மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

கண் இல்லை. வாய் இல்லை. முகம் இருந்த இடம் முழுக்க ஈர வெள்ளைக் கல், நெடுகக் கத்திக் கீறல். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.