மூடக் கூடாத கதவுக்கோடு

கறுப்பு வெள்ளைப் படக்கதைகளுக்குக் கணினியில் வண்ணம் பூசுவதுதான் அவளுடைய பிழைப்பு. இறந்துபோன ஓவியரின் பக்கங்களை வெளியே அனுப்ப அவர் மனைவி ஒரே பிடியாக மறுத்துவிட்டதால், மடிக்கணினி, ஸ்கேனர், ஐந்து வயது மகள் சகிதம் ஒரு மதியம் அந்த வீட்டில் வந்து இறங்கினாள். மகளுக்குப் புது மஞ்சள் கவுன். பார்ப்பவர்களுக்கெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டாமல் விடமாட்டாள்.

ஓவியரின் அறையில் இன்னும் மை வாடை இருந்தது. எல்லாப் பக்கத்திலும் அதே வீடு; வாசலில் அதே சிறுமி.

"கலர் என்ன வேணா அடிங்கம்மா," என்றாள் ஓவியரின் மனைவி. "வாசக்கதவுக் கோட்டுல சின்னதா இடைவெளி விட்டிருப்பாரு. அதை மட்டும் மூடிடாதீங்க. செத்துப்போன எங்க பொண்ணு என்னிக்காவது அது வழியா உள்ள வருவான்னு சொல்லுவாரு."

"சரிங்கம்மா," என்று தலையாட்டி வைத்தாள். ஓவியரின் மனைவி பின்கட்டுக்குப் போனாள்.

பக்கங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி, வண்ணம் பூச ஆரம்பித்தாள். மென்பொருளுக்கு அந்த இரக்கமெல்லாம் ஏது? மயிரிழை இடைவெளி போதும், வீட்டுக்குள் ஊற்றிய நீலம் வாசல் வழியாக ஒழுகி வானம்வரை அப்பிவிடும். நான்கு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஐந்தாவதில், 'எல்லாப் பக்கத்திலும் இடைவெளிகளை மூடு' என்பதை அழுத்திவிட்டாள். அந்தம்மாவுக்குத் தெரியவா போகிறது!

நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் கதவு மூடிக்கொண்டது.

வாசலில் சிறுமி இல்லை.

எந்தப் பக்கத்திலும் இல்லை.

டக். டக்.

"அம்மா," கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகள் கூப்பிட்டாள். "வெளிய ஒரு பாப்பா நிக்கறா. உள்ள வர வழி இல்லையாம். தெறக்கட்டுமா?"

"தெறக்காதடி!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

செய்ததை ரத்துசெய்யும் பொத்தானை அழுத்தினாள். இடைவெளிகள் திரும்பின. சிறுமியும் திரும்பிவிட்டாள். ஆனால் வாசலில் அல்ல, வீட்டுக்குள், ஜன்னலோரம். அவள் கவுன் மஞ்சளாக இருந்தது.

இவள் இன்னும் மஞ்சளைத் தொடவே இல்லை.

கூடத்துக்கு ஓடினாள். திறந்த கதவருகே மகள் மட்டும் நின்றிருந்தாள். புதுக் கவுன் வெறும் வெள்ளையாக இருந்தது.

"அவகிட்ட கலரே இல்லம்மா, பாவம். கேட்டா, குடுத்துட்டேன்."

"போயிட்டாளா?"

"ம்ஹூம். இன்னும் வேணுமாம்."

மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். வெளியே ஓடலாம் என்று திரும்பியபோது அறைக்குள் பேச்சுக்குரல் கேட்டது. ஓவியரின் மனைவி மடிக்கணினித் திரையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டியா கண்ணு," என்று தேம்பினாள். "இனி எங்கயும் போகாதடி."

திரையில் சிறுமியின் கன்னங்களில் மெல்லச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, குளிருது," என்றாள் மகள்.

இவள் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். உதடு இருந்த இடத்தில் ஒரு பென்சில் கோடுதான் இருந்தது.