நிறுத்தி வைத்த கமரா

கமராவின் வயிறு காலியாக இருந்தது.

மாலை ஐந்து மணி. மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் உள்ளறையிலிருந்து படப்பிடிப்பாளன் நிதுர்ஷன் கமராவை ஏந்திக்கொண்டு வெளியே வந்தான். கசெட் வைக்கும் மூடி திறந்து தொங்கியது.

"கசெட் இல்ல, சேர்."

வல்லிபுரம் எழுந்து நின்றார். சுனாமியில் தப்பியவர்களின் கதைகளைப் படமாக்கவென்று அந்த அமைப்பைத் தொடங்கியவர் அவர். கைவசம் இருந்தது பாவித்த கைக்கமரா ஒன்றுதான். அன்று பகல் முழுக்க நாவலடியில் இராசாத்தியைப் படம் பிடித்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். ஏழு மாதமாக வாய் திறக்காதவள், "ஒருக்காத்தான் சொல்லுவன்" என்று சொல்லிவிட்டு இன்றுதான் பேசினாள்.

"மத்தியானம் நாங்க சாப்பிடக்குள்ள கமரா ஆரிட்ட இருந்த?" என்று கேட்டார்.

எல்லாக் கண்களும் வாசலுக்குப் போயின. அங்கே, படப்பிடிப்புக்கு அவர்களை ஏற்றிப் போய் வரும் காத்தான்குடி றிஸான் தன் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து பத்துக்கு வல்லிபுரம் அவனுடைய சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். ஓட்டோவின் சீட்டைக் கழற்றச் சொன்னார். ஒன்றும் இல்லை. பிறகு பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். அந்த வருடத்தில் ஜீப்பில் ஏறியவன் எப்போது இறங்குவான் என்று எவராலும் சொல்ல முடியாது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கம்சாயினி மேசையோரம் நின்றாள். பௌதிகவியல் படித்தவள், இங்கே ஒலிப்பதிவு பார்க்கிறவள். நாலு பேர் முன்னால் அவளுக்கு நாக்கு எழாது. இவனாக இருக்குமோ என்று அவளும் ஒரு கணம் நினைத்தாள். அப்போதுதான் மேசையில் கிடந்த சைக்கிள் டியூப் துண்டுகள் கண்ணில் பட்டன.

நல்ல ஸ்டான்ட் வாங்க வசதியில்லை. சைக்கிள் கடையில் ஒட்டுவித்த இரும்பு முக்காலிதான் இருந்தது. கமரா ஆடாமலிருக்க அதன் அடியை முக்காலியோடு சேர்த்து டியூப்பால் சுற்றி இறுக்க வேண்டும். காலையில் சுற்றியவள் அவள்தான். பின்னேரம் அலுவலகத்தில், முடிச்சு அவிழாமல் பிளேட்டால் வெட்டியவளும் அவள்தான். அந்தக் கமராவுக்குக் கசெட் போடும் வாசல் அடிப்பக்கத்தில். டியூப் சுற்றியிருக்கும்வரை அது திறக்காது.

அவள் வாசலுக்குப் போனாள். றிஸானை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க. இன்னும் பார்க்காதது செருப்பு மட்டுந்தான்."

"மத்தியானம் கமரா எங்க இருந்த?"

"பின் சீட்டில. ஸ்டான்ட் கால் மூணும் வெளிய நீட்டிக்கிட்டு, கிடாய் ஏத்தின மாதிரி. விழுந்திருமெண்டு தலைய மடியில வெச்சிக்கிட்டன்."

"எதையும் அமத்தினீங்களா?"

"எனக்கென்ன தெரியும் அதில? கிறுகிறுண்டு சத்தம் கேட்டிச்சி. வகுறு சூடா இரிந்திச்சி, காய்ச்சல்காரப் புள்ள மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க சோறு திண்டு வாற வரைக்கும்."

கம்சாயினி உள்ளே திரும்பினாள். ஐந்து இருபத்தைந்து.

"நிதுர்ஷன், சாப்பிடப் போகக்குள்ள கமராவ நிப்பாட்டினியா?"

"ஓமக்கா. பட்டனை அமத்தினன்."

"சிவப்பு லைட் அணைஞ்சதப் பாத்தியா?"

"அதுக்கு மேலதான் கறுப்பு டேப் ஒட்டியிருக்கே. லைட்டக் கண்டா சனம் பயந்து பேசாதெண்டு சேர்தான் ஒட்டச் சொன்னவர்."

"ஸ்கிரீன்?"

"மேல்பாதி செத்துப்போய் எத்தின நாள். பதியுதெண்டு காட்டுற எழுத்துத் தெரியாது."

அவள் நிலத்தைப் பார்த்தபடி பேசினாள்.

"காலையில கமரா வேல செய்யுதா எண்டு பாக்க ஒருக்கா அமத்தினாய். திருப்பி அமத்த மறந்திட்டாய். பிறகு நீ தொடக்கமெண்டு அமத்தினதெல்லாம் நிப்பாட்டு. நிப்பாட்டெண்டு அமத்தினதெல்லாம் தொடக்கம். இராசாத்தி அக்கா பேசக்குள்ள கமரா நித்திரை. நாங்க சோறு தின்னக்குள்ள அது முழிப்பு. நிப்பாட்டின கமரா கொஞ்ச நேரத்தில அடங்கிப் போயிரும். இது நானாட மடியில சத்தம் போட்டு, சூடாகியிருக்கு. அப்ப கசெட் உள்ளுக்குத்தான் சுத்தியிருக்கு. நான் டியூப்ப வெட்டினது இங்க வந்துதான். வெட்டின பிறகு கமரா போன அறை ஒண்டு. அதுக்குள்ள போன ஆளும் ஒண்டு."

நிதுர்ஷன் உள்ளே போய் அலுமாரிக்குப் பின்னாலிருந்து கசெட்டை எடுத்து வந்தான்.

"பிழ விட்டா சொல்றதுக்கென்னடா?" என்றார் வல்லிபுரம்.

"சொல்லத்தான் இருந்தன். போட்டுப் பாத்த பிறகுதான்..." அவன் கம்சாயினியைப் பார்த்தான். "போட வேணாம் அக்கா. நான் களவெடுத்தனெண்டே இருக்கட்டும்."

கமராவில் கசெட்டைப் போட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தபோது, சாப்பாட்டுக்கு முன் தாங்கள் என்ன பேசினோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. கை நின்றது. வாசலில் றிஸான் நின்றுகொண்டிருந்தான். தான் சொன்னது சரியென்று காட்டாவிட்டால், ஆறு மணிக்கு வரும் ஜீப் றிஸானையோ நிதுர்ஷனையோ ஏற்றிக்கொண்டு போகும்.

பட்டனை அமத்தினாள்.

திரையில் மணல். மூன்று சோடிச் செருப்புகள். படம் சரிந்திருந்தாலும் ஒலி துல்லியமாக இருந்தது. விலையுயர்ந்த மைக் வாங்க முடியாமல், மெத்தைப் பஞ்சை வெட்டி மைக்கில் சுற்றியவள் அவள்தான். கச்சான் காற்றின் இரைச்சல் துளியும் ஏறவில்லை.

"கல்லு மாதிரிச் சொல்றா," என்றது வல்லிபுரத்தின் குரல். "பாக்கிறவனுக்கு நெஞ்சில ஏறாது."

அடுத்தது அவளுடைய குரல்.

"சின்னப் பிள்ளைர சட்டை ஒண்ட வெச்சிருக்கா, சேர். அதக் கையில குடுத்துக் கேட்டா அழுவா."

சாப்பாட்டுக்குப் பிறகு இராசாத்தி அழுதாள். அது கசெட்டில் இல்லை.

வல்லிபுரம் தொலைபேசியை எடுத்தார். "வர வேணாம், கசெட் கிடைச்சிட்டு" என்று மெதுவாகச் சொன்னார். றிஸானைப் பார்க்காமலே வைத்தார்.

றிஸான் ஓட்டோச் சீட்டைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தான். கம்சாயினி பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்களும் நெனச்சீங்கதானே, தங்கச்சி?"

இல்லையென்று பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"ஓம்."

அவன் தலையை ஆட்டினான். "ஏறுங்க. தன்னாமுனைக்கு இப்ப பஸ் இல்ல."

வழி முழுக்க அவன் கண்ணை ரோட்டில் வைத்தே ஓட்டினான். மற்ற நாளென்றால் வாய் ஓயாது. அவளுடைய வீட்டு ஒழுங்கையில் நிறுத்தினான். அவள் இறங்கினாள், போகவில்லை.

"நாளைக்கு நாவலடிக்கு வருவீங்களா நானா?"

"திரும்பவும் அழவெச்சி எடுக்கவா? அதுக்கு நான் வரல்ல. வேற ஆளப் பாருங்க."

"கமரா கொண்டுவரல்ல. அவ சொன்னது ஒண்டும் பதியல்லெண்டு சொல்லோணும். சட்டையக் குடுக்கச் சொன்னது ஆரெண்டும் சொல்லோணும்."

றிஸான் எஞ்சினை அணைத்தான்.

"அவ உங்களத் துரத்தினா?"

"துரத்தட்டும்."

"சரி. ஏழு மணிக்கு வாறன். திரும்பி வாற வரைக்கும் வெளிய நிப்பன். உள்ள நீங்கதான் போகோணும்."